கைமரத்துக்குப் போட்ட விளக்கு

“அம்மா, நான் எப்பத்தான் தேறுவேன்?”

கோதண்டம் இதைக் கேட்டபோது அவருக்கு வயது அறுபத்து மூன்று. பதில் சொல்ல வேண்டிய தில்லைநாயகி அம்மாவுக்கு நாற்பத்தொன்று.

அம்மா பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். ஒரு காயைப் பிளந்து, உள்ளே இருந்த மணிகளைக் கட்டைவிரலால் ஒரே தள்ளாகத் தள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

“எந்தப் பரீட்சையிலங்கய்யா?”

கோதண்டத்துக்குச் சுருக்கென்றது.

பரீட்சைக்கும் அவருக்கும் என்றைக்கும் ஆகாது. பத்தாம் வகுப்பில் ஒரு முறை கோட்டை விட்டார். மின்வாரியத்தில் போர்மேன் பரீட்சை எழுதி நான்கு முறை கோட்டை விட்டார். லைன்மேனாகச் சேர்ந்தவர் லைன்மேனாகவே விருப்ப ஓய்வில் வெளியே வந்தார். முப்பத்தைந்து வருஷம் மழை, புயல் பார்க்காமல் கம்பம் ஏறிய மனுஷன். ஊர் ஊராக விளக்கெரிய வைத்தவர். ஆனால், ‘நீ தேறிட்டப்பா’ என்று ஒருத்தர்கூட அவரிடம் சொன்னதில்லை. அந்த ஒரு சொல்லைக் கேட்காமல் கண்ணை மூடக்கூடாது என்றுதான் மலையேறி மடத்துக்கு வந்தார். வந்து ஒன்பது வருஷம் ஆகிறது.

“பரீட்சை இல்லம்மா. துண்டு,” என்றார்.

அம்மா அடுத்த பட்டாணியை எடுத்தார்.

துண்டு என்றால் என்ன என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

நெடுஞ்சோலை ஒரு கோடை வாசஸ்தலம். ஏரி உண்டு, படகு உண்டு, ஏற ஆளில்லாமல் தூங்கும் குதிரைகள் உண்டு. எந்தக் காலத்திலோ ஒரு வெள்ளைக்காரர் மேப்பிள் கன்றுகளைக் கப்பலில் கொண்டுவந்து அந்த மலையில் நாலைந்து இடத்தில் நட்டுவிட்டுப் போனார். இலை விரித்த உள்ளங்கை மாதிரி இருப்பதால் ஊரார் அதற்குக் கைமரம் என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். கார்த்திகை பிறந்து மழை விட்டதும் கைமரம் நிறம் மாறும். முதலில் ஓரம் மஞ்சளாகும். பிறகு காவி. பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால் மரம் முழுக்கக் குங்குமத்தைக் கொட்டியதுபோல நிற்கும். பத்து நாளில் அத்தனையும் உதிர்ந்துவிடும்.

கீழே சமவெளியில் இலை பழுத்தால் பெருக்கித் தள்ளுவோம். அதே இலை மலைமேல் பழுத்தால் வேன் பிடித்துப் போய்ப் பார்க்கிறோம். நம் வழக்கம் அப்படி.

கிளப்பில் ஒரு கைமரம், மாதா கோயிலில் ஒன்று, ஆஸ்பத்திரி வாசலில் ஒன்று. எல்லாவற்றிலும் பெரியது மடத்து முற்றத்தில் இருந்தது.

அம்மா நடத்தும் அந்த மடத்தில் காவி கிடையாது, சடை கிடையாது, மந்திரம் ஓதிக் காதில் சொல்வதும் கிடையாது. ஒரே ஒரு வழக்கம்தான். மரம் முழுக்கச் சிவந்த பிறகு, தேறியவர் என்று அம்மா நினைக்கும் ஒருவரை மரத்தடிக்குக் கூப்பிட்டு, தோளில் ஒரு சிவப்புத் துண்டைப் போடுவார். ஒரு வார்த்தை பேச மாட்டார். துண்டு வாங்கியவர் அங்கேயே இருக்கலாம், கிளம்பியும் போகலாம். அதற்குப் பிறகு அவரை யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சில வருஷம் யாருக்கும் துண்டு கிடையாது. மரம் மட்டும் சிவந்துவிட்டு உதிரும்.

“துண்டுக்கு மரம் செவக்கணும்ல,” என்றார் அம்மா.

“செவந்தா?”

“இந்த வருஷம் செவந்ததும் வாங்க.”

கோதண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்பது வருஷத்தில் அம்மா இப்படிச் சொன்னது இதுதான் முதல் தடவை. அப்படியே எழுந்தார். அவரும் உரித்து மடியில் வைத்திருந்த பட்டாணியெல்லாம் தரையில் சிதறி உருண்டது.

“பொறுக்கிட்டுப் போங்கய்யா,” என்றார் அம்மா.



அப்போது ஐப்பசி. தீபாவளி முடிந்திருந்தது.

கோதண்டம் பஜாருக்குப் போய்ப் புது வேட்டி ஒன்று வாங்கினார். துண்டு வாங்கும் அன்றைக்குக் கட்டிக்கொள்வதற்கு. அதைக் காகிதம் பிரிக்காமல் தகரப் பெட்டியில் வைத்தார்.

வேட்டியோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவருக்குக் கை சும்மா இருக்கவில்லை. தனக்கு இவ்வளவு பெரிய காரியம் செய்யப்போகிற மரத்துக்குத் தானும் ஏதாவது செய்ய வேண்டாமா? தெரிந்த தொழில் ஒன்றுதான். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுகிறவரிடம் பேசி நான்கு போகஸ் லைட் வாங்கிவந்தார். ஏணி போட்டு, ஒயர் இழுத்து, மரத்தின் மேல் வெளிச்சம் விழும்படி மூன்று பக்கத்திலிருந்தும் திருப்பி வைத்தார். பொழுது சாய்ந்ததும் சுவிட்சைப் போட்டார்.

மரம் தகதகவென்று நின்றது. மலைப்பாதையின் ஏழாவது வளைவிலிருந்தே தெரிந்தது.

மடத்து வாசலில் டீக்கடை வைத்திருக்கும் பிலோமினா கையிலிருந்த வடிகட்டியோடு ஓடிவந்து பார்த்தாள்.

“யாத்தே! லைன்மேன் அண்ணே, மரத்துக்குக் கல்யாணமா?”

“சும்மா இரு பிலோமினா. முதல் இலை செவக்கிறத நான் பாக்கணும். அது எந்நேரம் செவக்குமோ, யாரு கண்டா?”

“அதுக்காக விடிய விடியவா எரிய விடுவீக?”

“பின்ன?”

விடிய விடியத்தான் எரிந்தது. ஒரு நாள் விடாமல் எரிந்தது.

இரண்டே வாரத்தில் மடத்து மரம் பேர்போனதாகிவிட்டது. சாயங்காலமானால் விடுதிகளிலிருந்து வேன் வேனாக ஆள் வந்தார்கள். மரத்தடியில் நின்று, குனிந்து, சாய்ந்து, குழந்தையைத் தோளில் தூக்கி, எத்தனை விதமாகப் படம் எடுக்க முடியுமோ அத்தனை விதமாகவும் எடுத்தார்கள். கோதண்டத்துக்கு லைட்டு சாமி என்று பெயர் வந்தது. முதல் முறை யாரோ அப்படிக் கூப்பிட்டபோது அவர் திரும்பவில்லை. இரண்டாம் முறை திரும்பினார். மூன்றாம் முறை திருநீறு வைத்துக்கொண்டு திரும்பினார்.

வெளிச்சம் சன்னல் வழியாக வந்து முகத்தில் விழுந்ததால், அம்மா பாயைத் தூக்கிக்கொண்டு கேரட் மூட்டை அடுக்கியிருக்கும் அறைக்குப் போய்விட்டார்.



கார்த்திகை பிறந்தது. மழை விட்டது. பனி இறங்கியது.

மாதா கோயில் மரம் ஓரம் மஞ்சளானது. கிளப் மரம் காவியானது. ஆஸ்பத்திரி வாசலில் சோனியாக ஒரு மரம், அதைத் திரும்பிப் பார்க்கிறவர்கூடக் கிடையாது, அது போட்டி போட்டுக்கொண்டு சிவந்தது.

மடத்து மரம் பச்சைப் பசேலென்று நின்றது.

கோதண்டம் ஓர் இலையைத் தேர்ந்தெடுத்து அதன் காம்பில் வெள்ளை நூல் ஒன்றைக் கட்டியிருந்தார். முதலில் சிவக்கப்போவது இதுதான் என்று அவராக முடிவு செய்துகொண்டது. காலையில் எழுந்ததும் அதைப் போய்ப் பார்ப்பார். குளித்துவிட்டுப் பார்ப்பார். சாப்பிட்டுவிட்டுப் பார்ப்பார். ராத்திரி புரண்டு படுத்தாலும், எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிடுவோம் என்று போர்வையைச் சுற்றிக்கொண்டு போவார்.

பார்த்துவிட்டு வந்து இன்னொரு காரியமும் செய்வார். சவரக் கண்ணாடியை எடுத்துத் தன் முகத்தைப் பார்ப்பார். நேற்றைக்கும் இன்றைக்கும் ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா? கண்ணில் ஒரு ஒளி? நெற்றியில் ஒரு தெளிவு? ஒன்பது வருஷமாக இந்தப் பழக்கம் உண்டு. இப்போது அது நாளுக்கு ஏழெட்டுத் தடவையாகிவிட்டது. கண்ணாடியில் தெரிந்ததெல்லாம் தூக்கம் கெட்ட ஒரு கிழவன்தான்.

பிலோமினாவுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

“அண்ணே, மரத்துக்கு ஏதும் சீக்கோ?”

“இலையில ஒரு பொட்டு இல்ல. தளதளன்னு இருக்கு. அதான் வயித்தெரிச்சலே.”

“சாணி போட்டுப் பாத்தீகளா?”

“போட்டேன்.”

“சாம்பலு?”

“அதுவும் போட்டேன்.”

“அப்ப வெயிலு பத்தல.”

“அதான் ராத்திரியும் சேத்து வெளிச்சம் குடுக்கிறேனே, இன்னும் என்ன வேணும் அதுக்கு?” என்றார் கோதண்டம். நல்ல மனுஷன், வெள்ளந்தியாகத்தான் சொன்னார்.

பிறகு அம்மாவிடம் போனார்.

“அம்மா, மரம் செவக்க மாட்டேங்குது.”

“அப்படியா?”

“கிளப்பு மரம் செவந்து பாதி கொட்டிருச்சு. மாதா கோயில் மரம் செவந்திருச்சு. ஆஸ்பத்திரி மரத்துக்கு ஒரு வாளி தண்ணி ஊத்த நாதியில்ல, அதுகூட செவந்திருச்சும்மா.”

“அந்த மரத்துக்கெல்லாம் காவல் யாரு?”

“காவலா? யாருமில்லம்மா.”

“பாவம்,” என்றார் அம்மா.

அம்மாவுக்கு அந்த மரங்களின் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு கோதண்டம் திரும்பினார்.



கார்த்திகை பாதி போனது.

கிளப் மரம் மொட்டையாகிவிட்டது. மடத்து மரத்தைப் பார்க்கக் கூட்டம் மட்டும் குறையவில்லை. பச்சையாக இருந்தால் என்ன, வெளிச்சத்தில் படம் நன்றாகத்தானே விழுகிறது!

கோதண்டத்துக்கு உள்ளே ஒரு எண்ணம் முளைத்து, ராத்திரிக்கு ராத்திரி பெரிதாகிக்கொண்டே வந்தது. மரத்தில் குற்றமில்லை. குற்றம் தன்னிடம்தான். தான் தேறவில்லை, அது மரத்துக்குத் தெரிந்திருக்கிறது. போர்மேன் பரீட்சைத் தாளைத் திருத்தியவர்கள் கண்டுபிடித்ததை இந்த மரமும் கண்டுபிடித்துவிட்டது. அறுபத்து மூன்று வயதில், ஒரு மரம்கூடத் தன்னை பெயிலாக்கிவிட்டதே என்று அவருக்கு அழுகை வந்தது. அழுதுகொண்டேதான் அம்மாவிடம் வந்தார்.

“நான் கெளம்புறேம்மா.”

அம்மா அரிவாள்மணையில் முள்ளங்கி நறுக்கிக்கொண்டிருந்தார். கையை நிறுத்தினார்.

“எங்கங்கய்யா?”

“கீழ. தங்கச்சி வீட்டுக்கு. அந்த மரம் என்னால செவக்காம நிக்குது. நான் போயிட்டா அதுபாட்டுக்குச் செவந்துரும். மத்தவங்களுக்காவது துண்டு கிடைக்கும்.”

அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். கோதண்டத்துக்குக் கண் இரண்டும் குழி விழுந்து கிடந்தது. நின்ற இடத்திலேயே ஆடினார்.

“தூங்கி எத்தன நாளாச்சு?”

“ஐப்பசியில தூங்கினதும்மா.”

“சாயங்காலம் கெளம்பலாம். இப்பப் போய் ஒரு தூக்கம் போடுங்க.”

வெளியே நடு மத்தியானம். மூடுபனி இறங்கி முற்றமே தெரியவில்லை. கோதண்டம் தன் அறைக்குப் போய் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். கண்ணை மூடினார்.

மூடிய கண்ணுக்குள் சுள்ளென்று வெளிச்சம் அடித்தது.

திறந்தார். தலைமாட்டில் அம்மா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் மூன்று பேட்டரி போட்ட ஒரு டார்ச் லைட். அதை நேராக அவர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார்.

“அம்மா?”

“தூங்குங்க.”

கோதண்டம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். அம்மா எழுந்து, சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவே நுழைந்து, அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, மறுபடியும் முகத்தில் அடித்தார்.

“என்னம்மா இது!”

“நீங்க எப்பத் தூங்குறீங்கன்னு பாக்கணும்ல.”

“இப்படி மூஞ்சியில வெளிச்சம் அடிச்சா எவனுக்கும்மா தூக்கம் வரும்?”

“அப்படியா?” என்றார் அம்மா.

டார்ச்சை அணைக்கவில்லை.

கோதண்டம் தலையைத் தூக்கினார். டார்ச்சைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். மறுபடியும் டார்ச்சைப் பார்த்தார்.

“அய்யய்யோ!” என்று கத்திக்கொண்டு எழுந்தார். கம்பளி காலில் சுற்றிக்கொண்டது. அதை இழுத்துக்கொண்டே முற்றத்துக்கு ஓடினார்.



மூடுபனிக்குள் மரம் நின்றது. எட்ட இருந்து பார்த்துப் பார்த்துச் சலித்த அதே பச்சை.

கோதண்டம் மரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே தண்ணீர்த் தொட்டி இருந்தது. தொட்டிக்கும் மடத்துச் சுவருக்கும் நடுவே ஆள் ஒருக்களித்து நுழையும் சந்து. அந்தச் சந்துக்குள் ஒரு கிளை தாழ நீண்டிருந்தது. தொட்டியின் நிழல் விழுந்ததால் நான்கு விளக்கில் ஒன்றுகூட அந்தப் பக்கம் எட்டவில்லை. வெளிச்சமில்லாத இடத்தில் பார்க்க என்ன இருக்கிறது என்று அவரும் இத்தனை நாளாக அங்கே போகவில்லை.

அந்தக் கிளை சிவந்திருந்தது.

ஓர் இலை பாக்கி இல்லாமல், நுனிமுதல் அடிவரை, குங்குமமாக.

கோதண்டம் சந்துக்குள் ஒருக்களித்து நின்றபடியே சிரித்தார். மூக்கில் ஒரு இலை வந்து இடித்தது. அதற்கும் சிரித்தார். ஒன்றரை மாதமாக ஒரு மரத்தைத் தூங்கவிடாமல் பண்ணிவிட்டு, அது ஏன் விழித்துக்கொண்டு நிற்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்த தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து, வயிறு வலிக்கச் சிரித்தார்.

சாயங்காலம் வேன்கள் வந்தன. விளக்கு எரியவில்லை. கோதண்டம் ஏணியில் நின்று ஒயரைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

பிலோமினா ஓடிவந்தாள்.

“என்னண்ணே பண்றீக? கூட்டம் வந்து நிக்குது! ரெண்டு குடம் பால் காய்ச்சி வச்சிருக்கேன்.”

“இன்னைக்குக் கிடையாதுன்னு சொல்லிரு.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் கிடையாது.”

“லைட்டு சாமி எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?”

“அவரு தூங்கிட்டாருன்னு சொல்லு.”

“அப்ப மரம்?”

“அதும் இனிமே தூங்கும்,” என்றார் கோதண்டம்.

பிலோமினாவுக்கு ஒன்றும் புரியவில்லை. இந்த ஆளுக்கு முற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, பாலைத் தயிருக்கு உறை ஊற்றப் போனாள்.

அன்றைக்கு ராத்திரி படுத்த கோதண்டம் விடிந்து வெயில் ஏறும்வரை தூங்கினார். தங்கச்சி வீட்டுக்குப் போக வேண்டும் என்பதே மறந்துபோயிற்று.



எழுந்தவர் பழக்க தோஷத்தில் நேரே மரத்தை நோக்கி நடந்தார். பாதி முற்றத்தில் நின்றார். திரும்பினார். மறுபடியும் மரத்தின் பக்கம் திரும்பினார்.

அம்மா வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முற்றத்து ஓரத்தில் சுருட்டிக் கிடந்த ஒயரையும் விளக்குகளையும் காட்டினார்.

“இத என்ன செய்யப்போறீங்கய்யா?”

“பந்தல்காரருக்கிட்ட திருப்பிக் குடுக்கணும்மா. திருவிழா வர்ற வரைக்கும் வச்சுக்கச் சொன்னாரு.”

“அதுவரைக்கும் சும்மாவா கெடக்கும்?”

கோதண்டம் யோசித்தார்.

மலையின் அந்தப் பக்கம் மேலக்காடு என்று ஏழு வீடுகள் உண்டு. முட்டைகோஸ் தோட்டத்துக் கூலி வேலைக்காரர்கள். வீட்டில் விளக்கு எரியும். ஆனால் தோட்டத்திலிருந்து வீட்டுக்கு ஏறிவரும் பாதையில் ஒரு பொட்டு வெளிச்சம் கிடையாது. பொழுது சாய்ந்து பெண்கள் வரும்போது, முன்னே போகிறவள் கல்லைத் தட்டிவிட்டு ‘கல்லு!’ என்று கத்துவாள், பின்னால் வருகிறவர்கள் காலைத் தூக்கி வைப்பார்கள். அப்படித்தான் தினமும் வீடு சேர்வது. கோதண்டம் சர்வீஸில் இருந்தபோதே இதைப் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு சரி.

“அம்மா, நான் மேலக்காடு வரைக்கும் போயிட்டு வரட்டா?”

அம்மா பட்டாணிக் கூடையை இழுத்து வைத்துக்கொண்டார்.

“போயிட்டு வாங்க.”

ஒயரையும் விளக்குகளையும் தூக்கிக்கொண்டு போனவர் பஞ்சாயத்தில் சொல்லி அனுமதி வாங்கினார். நாலு சவுக்குக் கம்பம் கேட்டு வாங்கினார். குழி தோண்டினால் அடியில் பாறை. இடம் மாற்றித் தோண்டினால் அங்கேயும் பாறை. ஒரு கம்பத்தை நட்டு முடிக்க மூன்று நாள் ஆனது. ஒரு நாள் மழை பிடித்துக்கொண்டு நட்ட கம்பத்தைச் சாய்த்துவிட்டது. அவர் மடத்துக்குத் திரும்பிப்போகவே இல்லை. ஏழு வீட்டிலும் முறை வைத்து அவருக்குச் சோறு போட்டார்கள். ராகிக் களியும் கீரையும் தின்று, கோழி அடையும் நேரத்துக்குத் தூங்கி, கோழி கூவும் நேரத்துக்கு எழுந்தார். சவரம் செய்யவில்லை. கண்ணாடியை மடத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். அதையும் அவர் கவனிக்கவில்லை.

வெகு காலத்துக்குப் பிறகு அவருக்குப் பாட்டு வந்தது. கம்பத்தின் மேல் உட்கார்ந்து, ஒயரைப் பல்லில் கடித்துக்கொண்டு, வார்த்தையில்லாமல் ஏதோ ஒரு மெட்டை ஊங்காரம் போட்டார். கீழே முட்டைகோஸ் வெட்டிக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அவ்வளவு நன்றாக இருந்தது.



மார்கழி பிறந்து மூன்றாம் நாள்.

மடத்து முற்றத்தில் எள் போட இடமில்லை. மரம் சிவந்துவிட்டது. எப்படிச் சிவந்தது என்றால், அதன் அடியில் நின்றவர்களின் வெள்ளைச் சட்டையெல்லாம் சிவப்பாகத் தெரிந்தது. மற்ற கைமரமெல்லாம் மொட்டையடித்து நிற்க, இது ஒன்றுதான் மலையிலேயே நிறத்தோடு நின்றது. பட்டப்பகலில் வேன் வந்தது. பிலோமினா நான்கு குடம் பால் காய்ச்சினாள். போதவில்லை.

தில்லைநாயகி அம்மா பெட்டியைத் திறந்து ஒரு சிவப்புத் துண்டை எடுத்து மடித்தார். மரத்தடிக்கு வந்து சுற்றும்முற்றும் பார்த்தார்.

“லைன்மேன் அண்ணனா? அவரு இன்னும் மேலக்காட்டுலதான் கெடக்காரு,” என்றாள் பிலோமினா. “கூட்டிட்டு வரச் சொல்லவாம்மா?”

“வேணாம். நானே போறேன்.”

“துண்டு இங்க மரத்தடியிலதான குடுக்கிறது? வழக்கம் அதுதானம்மா?”

அம்மா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.

மேலக்காட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாயப் பார்த்தது. அம்மாவின் தலைமுடியில் சிவப்பு இலை ஒன்று சிக்கியிருந்தது. கோதண்டம் கடைசிக் கம்பத்தில் ஏணி போட்டு நின்றுகொண்டிருந்தார். முகமெல்லாம் நரைத் தாடி. கிரீஸ் படிந்த லுங்கி. புது வேட்டி மடத்துப் பெட்டியில் காகிதம் பிரிக்காமல் கிடந்தது.

“ஐயா!” என்று கூப்பிட்டார் அம்மா.

“வாங்கம்மா. பாத்து, அந்த ஒயர மிதிச்சிராதீங்க.”

அம்மா ஒயரைத் தாண்டிக் காலை வைத்தார்.

“மரம் செவந்திருச்சு.”

“எந்த மரம்மா?” என்றார் கோதண்டம். அவர் கண் ஸ்க்ரூவின் மேல் இருந்தது.

அம்மா சிரித்தார். சத்தமே வராமல், தோள் குலுங்க, ஏணியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு இரண்டு படி ஏறி, துண்டை அவர் தோளில் போட்டார்.

கோதண்டம் ஸ்க்ரூவை முடுக்கி முடித்தார். தோளிலிருந்ததை இழுத்து, நெற்றி வியர்வையைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். விரல் விரலாகக் கிரீஸைத் துடைத்தார். துடைத்துவிட்டுத் திரும்பத் தோளிலேயே போட்டுக்கொண்டார்.

கீழே தோட்டத்துப் பாதையில் இருட்டுக் கட்ட ஆரம்பித்திருந்தது. பெண்கள் ஏறிவரும் சத்தம் கேட்டது.

“கல்லு!” என்று ஒருத்தி கத்தினாள்.

“அம்மா, அந்தச் சுவிட்சக் கொஞ்சம் போடுங்க,” என்றார் கோதண்டம். “அவங்க வர்றாங்க.”

அம்மா போட்டார்.